பள்ளிகொண்டா பக்கம் ஒரு தோட்டத்து விறகு அடுப்பு: அளவு, புகை, செலவு, முழு விவரம்

மொதல்லயே விஷயத்த சொல்லிடறேன். புகை அடிக்கிற அடுப்புக்கும் அடிக்காத அடுப்புக்கும் பெரிய டெக்னாலஜி வித்தியாசம் எல்லாம் கிடையாது, அண்டாவுக்கும் அடுப்போட மேல் வாய்க்கும் நடுவுல விடற சந்து எத்தன இன்ச்சு, அதான் மேட்டர். செங்கல் நல்ல செங்கலா, மண்ணு புத்து மண்ணா, இதெல்லாம் அப்புறம். எங்க அத்த வீட்டு பின்னாடி கட்டின அடுப்புல இது எப்படி தெரிஞ்சிதுன்றத அளவோட எழுதறேன், கட்டணும்னு நெனைக்கிறவங்களுக்கு உதவும்.

எதுக்கு கட்டினோம்

அத்த வீடு பள்ளிகொண்டா பக்கம், பெங்களூர் ஹைவேல இருந்து கொஞ்சம் உள்ள போகணும். வேலூர்னாலே வெயில்னு தான் ஊரெல்லாம் பேசும், ஆனா மார்கழி தை மாசத்துல காலைல அஞ்சு மணிக்கு அங்க எழுந்து பாத்தா தெரியும், மலை அடிவாரம் வேற, பச்ச தண்ணில கைய வைக்க முடியாது. வீட்டுல பெரியவங்க ரெண்டு பேரு, பசங்க, எல்லாருக்கும் சுடுதண்ணி வேணும். இவ்ளோ நாளா கேஸ்ல தான் வெச்சிக்கினு இருந்தாங்க.

கணக்கு போட்டு பாத்தா கேஸ் ஏன் அவ்ளோ சீக்கிரம் தீருதுன்னு புரிஞ்சிது. 30 லிட்டர் தண்ணிய 22 டிகிரில இருந்து 72 டிகிரிக்கு ஏத்த 6.3 மெகாஜூல் சூடு வேணும். கேஸ் அடுப்புல எரியறதுல சுமாரா 60 சதவீதம் தான் பாத்திரத்துக்கு போகும்னு வெச்சிக்கலாம், ஒரு கிலோ கேஸ்ல 46 மெகாஜூல் இருக்கு, அப்போ ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 230 கிராம் கேஸ் வெறும் குளிக்கிற தண்ணிக்கே போவுது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்னு ரெண்டு மாசத்துல சுடுதண்ணிக்கு மட்டுமே காலி. இன்னொரு பக்கம் தோட்டத்துல தென்ன மட்டை, தேங்கா ஓடு, வேலி ஓரம் வெட்டிப் போட்ட வேலிகாத்தான் எல்லாம் கெடந்து மக்கிக்கினு இருக்கு.

அதுக்கு முன்னாடியும் அடுப்பு இல்லாம இல்ல. மூணு கல்ல வெச்சி எரிப்பாங்க. பிரச்சன என்னன்னா கிழக்கு பக்கம் பக்கத்து வீட்டு அக்கா மாடில துணி காயப்போடுவாங்க, ஆடி மாசம் காத்து மேற்குல இருந்து அடிக்கும்போது மொத்த புகையும் அவங்க மாடிக்கு தான். "ஏம்மா, துவைச்ச துணி எல்லாம் கருவாடு மாதிரி நாறுது"ன்னு அவங்க ரெண்டு மூணு தடவ சொல்லிட்டாங்க, சொன்னதுல தப்பும் இல்ல. அதனால தான் அத்த விறகயே விட்டுட்டு கேஸுக்கு போனாங்க. ஆக கட்டப் போற அடுப்புக்கு கண்டிஷன் ரெண்டு தான், 30 லிட்டர் அண்டா உக்காரணும், புகை வரக்கூடாது.

என்னென்ன யோசிச்சோம்

மாமா சொன்னது சிம்னி. பைப்ப 12 அடிக்கு தூக்கிட்டா புகை மேல போயிடும்னாரு. மேல போவும், எங்க போவும், அதே அக்கா மாடிக்கு தான் போவும். சிம்னி புகைய எடம் மாத்தும், அவ்ளோ தான். அதுவும் இல்லாம 1983ல மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்குன்னு ஒரு தேசிய திட்டம் ஆரம்பிச்சி 2002 வரைக்கும் நடத்துச்சி, ஊர் ஊரா புகையில்லா அடுப்பு போட்டாங்க, வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி அடுப்புல நெறைய பேரு வீட்டுல நடந்தது என்னன்னா பைப்புல கரி அடைச்சி, யாரும் சுத்தம் பண்ணாம, கடைசில புகை திரும்ப சமையக்கட்டுக்கே வந்துது. 

கடைல கெடைக்கிற சிமெண்ட் அடுப்பு ரெண்டாவது ஐடியா. தண்ணி அண்டாவ வெச்சி தெனமும் ஒரு மணி நேரம் எரிச்சா அது தாங்காது. 400 டிகிரிக்கு மேல போனா சிமெண்டுக்குள்ள இருக்கிற சுண்ணாம்பு உடைய ஆரம்பிக்கும், அப்புறம் ஈரம் பட்டா ஊதி உதிரும். ஒரு மழைக்காலம் போனா தெரியும்.

கடைசியா ராக்கெட் அடுப்புன்னு முடிவாச்சி. இது 1980கள்ல அமெரிக்காவுல ஒரேகான்ல அப்ரோவெச்சோன்ற ஆராய்ச்சி மையத்துல லாரி வினியார்ஸ்கின்றவர் ஒழுங்குபடுத்தின டிசைன். பேருக்கு பயப்பட வேணாம், செங்கல்லயே கட்டலாம். வெறக உள்ள தள்ற வாய் ஒன்னு கீழ படுத்த மாதிரி, அதுல இருந்து நேரா மேல போற குழி ஒன்னு, அதான் மொத்தமும். வேல எப்படி செய்யுதுன்னா, காஞ்ச வெறகுல முக்கால்வாசிக்கு மேல எடை கட்டையா எரியறதே இல்ல, சூட்டுல வாயுவா வெளிய வந்து அந்த வாயு தான் எரியுது. மூணு கல் அடுப்புல அந்த வாயு எரியறதுக்கு முன்னாடியே குளுந்த பாத்திரத்துல போய் முட்டி அணைஞ்சிடும், அது தான் வெள்ளையா வர்ற புகை. அதாவது நீங்க காசு குடுத்து வாங்கின வெறகு தான் பக்கத்து வீட்டு மாடிக்கு போவுது. ராக்கெட்ல குழி ஒசரமா, சுத்தி சூடு வெளிய போகாம இருக்கறதால வாயு உள்ளயே எரிஞ்சி முடிஞ்சிட்டு அப்புறம் தான் பாத்திரத்த தொடும்.

நம்ம ஊர்ல பழைய செம்பு பாய்லர் இருக்கே, நடுவுல குழாய், சுத்தி தண்ணி, கீழ கரி போடறது, அதுவும் சூட்ட வீணாக்காத நல்ல ஐட்டம் தான். ஆனா இப்போ செம்பு விக்கிற வெலைக்கு புதுசா யாரு வாங்குவா.

செங்கல் கணக்கு

அளவ பாலாத்து பக்கத்து சூளை செங்கல்ல இருந்து ஆரம்பிச்சோம், 9 இன்ச்சு நீளம், நாலரை அகலம், 3 கனம். நாலு கல்ல ஒன்னோட தலை இன்னொன்னோட இடுப்புல முட்டற மாதிரி சுத்தி வெச்சா நடுவுல சதுரமா ஓட்டை வரும். படுக்க வெச்சா அந்த ஓட்டை நாலரைக்கு நாலரை (9ல நாலரை போனா நாலரை). குத்தா, பக்கவாட்டுல நிறுத்தி வெச்சா 6க்கு 6 (9ல 3 போனா 6). எந்த கல்லயும் வெட்டவே வேணாம். அண்டா பெருசுன்றதால நாங்க 6 இன்ச்சு எடுத்தோம். குத்துக்கல்லு வெச்சதுல இன்னொரு லாபமும் இருக்கு, சுவரு 3 இன்ச்சு தான், சீக்கிரம் சூடாவும். கனமான சுவரு கட்டினா ஸ்ட்ராங்கா இருக்கும்னு தான் எல்லாரும் நெனைக்கறாங்க, ஆனா மொத அரை மணி நேரம் எரியற சூட்ட எல்லாம் அந்த செங்கல்லே குடிச்சிடும், தண்ணி அப்படியே கெடக்கும்.

நாலு வரிசை, வரிசைக்கு நாலரை இன்ச்சு, மொத்தம் 18 இன்ச்சு ஒசரம். அகலத்த போல மூணு மடங்கு. முன்னாடி வெறகு வாய் 6 இன்ச்சு அகலம், 7 ஒசரம், மேல ஒரு இரும்பு பட்டைய குடுத்து கல்ல தாங்க வெச்சோம். வாய்க்குள்ள தரைல இருந்து ரெண்டரை இன்ச்சு மேல ஒரு தட்டு. வெறகு தட்டு மேல, காத்து தட்டுக்கு கீழ. இந்த தட்ட பாத்து மேஸ்திரி "இது எதுக்கு தம்பி, சாம்பல் அள்றதுக்கு இடைஞ்சல்"னாரு. தட்டு இல்லன்னா வெறகு தரைல படுத்து காத்த மறைச்சிடும், காத்து வெறகுக்கு மேலாக்கா குளுந்து போயி நெருப்ப தொடாமலே மேல போயிடும். அவருக்கு நம்பிக்கை வரல, ஆனா வெச்சாரு.

உள் சதுரம் வெளிப்பக்கம் 12 இன்ச்சு. அதுல இருந்து எல்லா பக்கமும் 4 இன்ச்சு எடம் விட்டு வெளிச்சுவரு. அந்த 4 இன்ச்சுல என்ன போடறதுன்றது தான் முக்கியமான கேள்வி. மணல் போட்டா வேஸ்ட், மண்ணும் வேஸ்ட், கனமா இருக்கிறது எல்லாமே சூட்ட இழுக்கும். லேசா இருக்கணும், எரியக்கூடாது. நம்ம பக்கம் அதுக்கு குறையே இல்ல, ஆரணி பக்கம் போனா ரைஸ் மில்லுங்க வரிசையா இருக்கு, பாய்லர்ல உமிய எரிச்ச சாம்பல் கொட்டி கெடக்கும். உமி சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, தூக்கினா எடையே தெரியாது, இரும்பு உருக்கற ஆலைல கூட சூடு போகாம இருக்க இத தூவறாங்க. ஒரு மில்லுல கேட்டதுக்கு மூட்டைய நாமளே கொண்டு போனா அள்ளிக்க சொல்லிட்டாங்க. அள்ளும்போது மூக்க துணியால கட்டிக்கோங்க, அந்த தூசி நெஞ்சுக்கு நல்லதில்ல. கரி இல்லாம வெளுத்த சாம்பலா பாத்து எடுக்கணும், கருப்பா இருந்தா இன்னும் எரியாத பங்கு உள்ள இருக்குன்னு அர்த்தம்.

பூசறதுக்கு உள்ள சிமெண்டே கெடையாது. புத்து மண்ணு ஒரு பங்கு, வீடு கட்டும்போது மீந்த ஆத்து மணல் ரெண்டு பங்கு, கொஞ்சம் நறுக்கின வைக்கோல், ஒரு ராத்திரி ஊற வெச்சி மிதிச்சது. வெளிச்சுவருக்கும் அதே மண்ணு, மேல சுண்ணாம்பு பூச்சு. அடி பீடம் மட்டும் சிமெண்ட்ல, அங்க சூடு போகாது. சாம்பல் கொட்டின மேல்பக்கத்த ஓட்டு துண்டு, மண்ணு வெச்சி மூடினோம், ஏன்னா ஐப்பசி மழைல சாம்பல் நனைஞ்சா அப்புறம் சூட்ட தடுக்காது, அந்த ஈரத்த காயவைக்கறதுக்கே பாதி வெறகு போவும். மேல ஏழு அடில ஒரு ஷீட்டு, நாலு பக்கமும் நீட்டி.

எடம் பாத்தது தனி கதை. மாட்டு கொட்டாயும் வைக்கப்போரும் தெற்கால இருக்கு, அதனால அந்த பக்கமே போகல. வெறகு வாய வடக்கு பாத்து வெச்சோம். மேற்கு பாத்தா ஆடிக் காத்து நேரா உள்ள புகுந்து நெருப்ப கெளப்பும், கிழக்கு பாத்தா அடுப்புக்கு பின்னால சுழி கட்டி புகை ஆளு மேலயே திரும்பும். மேற்கு பக்கம் மூணு அடிக்கு ஒரு மறைப்பு சுவரு. முடிச்சதும் அத்த வந்து சுத்தி பாத்துட்டு கேட்டாங்க: "இன்னாடா இது, அடுப்பா சமாதியா?"

மொத நாள் புகை

மண்ணு காயட்டும்னு விட்டு, சின்ன சின்ன நெருப்பா போட்டு ஈரத்த எடுத்துட்டு, அண்டா இல்லாம எரிச்சி பாத்தப்போ பிரமாதம், குழில காத்து இழுக்கற சத்தமே கேக்குது, புகையே இல்ல. அண்டாவ தூக்கி வெச்ச அடுத்த நிமிஷம் வெறகு வாய் வழியா புகை மூஞ்சில அடிக்குது, மேல நெருப்பு செத்துப் போச்சி. மேஸ்திரி உடனே "நான் அப்பவே சொன்னேன் தட்டு வேணாம்னு"ன்னு ஆரம்பிச்சாரு. 

தட்டு காரணம் இல்ல. அண்டா உக்கார அவரு மூணு ஓட்டு துண்ட பதிச்சிருந்தாரு, அரை இன்ச்சு கனம். எல்லா ஊர் அடுப்புலயும் அந்த அளவு தான் வெக்கறாங்க, பாத்திரம் நெருப்புக்கு கிட்ட இருந்தா சீக்கிரம் கொதிக்கும்னு. இப்போ கணக்க பாருங்க. குழி 6க்கு 6, அதாவது 36 சதுர இன்ச்சு வழியா சூடான காத்து மேல வருது. அண்டாவுக்கு அடில அது பக்கவாட்டுல வெளிய போகணும். குழியோட சுத்தளவு 24 இன்ச்சு, சந்து அரை இன்ச்சு, 24ஐ அரையால பெருக்கினா 12 சதுர இன்ச்சு. மூணுல ஒரு பங்கு வழி தான் இருக்கு. மீதி எங்க போவும், வந்த வழியே திரும்பும்.

24ஐ எவ்ளோவால பெருக்கினா 36 வரும், ஒன்றரை. சதுர குழின்னாலும் சரி வட்ட குழின்னாலும் சரி, குழி அகலத்துல நாலுல ஒரு பங்கு சந்து விடணும், இது எல்லா சைஸுக்கும் பொருந்தும். அதே நேரம் அண்டா ஓரத்துல அவ்ளோ சந்து தேவையில்ல. எங்க அண்டா அடி 16 இன்ச்சு, சுத்தளவு 50, அங்க முக்கா இன்ச்சு விட்டாலே 37 சதுர இன்ச்சு வந்துடும். அதனால மேல்பக்கத்த தட்டையா விடாம, குழி கிட்ட பள்ளமா, ஓரத்துக்கு போவ போவ ஏறற மாதிரி சாப்பிடற தட்டு போல மண்ணால வழிச்சோம், அண்டா அடிய ஒட்டியே காத்து போவும். ஓட்டு துண்டுங்கள எடுத்துட்டு இரும்பு கம்பி துண்டு மூணு.

அடுத்தது அண்டாவ சுத்தி பாவாட. பழைய ஆயில் டிரம் தகட்ட வெட்டி, அண்டாவுக்கும் அதுக்கும் எல்லா பக்கமும் அதே முக்கா இன்ச்சு விட்டு, அண்டாவோட பாதி ஒசரம் வரைக்கும் வளையமா நிறுத்தினோம். காத்து பக்கவாட்டுல ஓடிப் போகாம அண்டாவ உரசிக்கினே மேல ஏறும். டிரம்முல என்ன இருந்துதுன்னு கேட்டு வாங்குங்க, பூச்சி மருந்து டிரம்மு வேணவே வேணாம், காலி டிரம்ம மூடினபடி கட்டர் போட்டு வெட்டவும் கூடாது, வெடிக்கும். மூடிய கழட்டி கழுவி வெட்டணும். ஜிஐ ஷீட்டும் வேணாம், அதுல பூசின துத்தநாகம் 419 டிகிரிலயே உருகும், இன்னும் சூடேறினா வர்ற புகைய இழுத்தா காய்ச்சல் வரும், வெல்டிங் பட்டறைல வேல செய்றவங்கள கேளுங்க.

அதுக்கப்புறம் பத்த வெச்சப்போ மேஸ்திரி வெறகு வாய் கிட்ட குனிஞ்சி ரொம்ப நேரம் பாத்தாரு. ஒன்னும் சொல்லல. டேப்ப எடுத்து சந்த அவரே ஒரு தடவ அளந்துகினாரு.

வெறகு விஷயம்

மூணு கல் அடுப்புல எரியற சூட்டுல 10ல இருந்து 15 சதவீதம் தான் தண்ணிக்கு போவும், நல்லா கட்டின ராக்கெட்ல சுமாரா 25 சதவீதமோ கொஞ்சம் மேலயோ. எங்க 30 லிட்டருக்கு கணக்குப்படி ஒன்றரை கிலோவுக்கு கொஞ்சம் மேல காஞ்ச வெறகு வேணும், தராசுல நிறுத்து எரிச்சப்போவும் ரெண்டு கிலோவுக்குள்ள தான் போச்சி. காலைல மொத தடவ கல்லு குளுந்து இருக்கும்போது அதிகமாவும், ரெண்டாவது அண்டாவுக்கு கொறையும்.

இதெல்லாம் காஞ்ச வெறகுக்கு. கார்த்திகைல வெட்டி ஈரமா இருந்த வேலிகாத்தான போட்டப்போ எவ்ளோ சந்து இருந்தாலும் புகை வந்துது, தண்ணி ஆவியாறதுக்கே சூடு போனா வாயு எரியாது. ரெண்டு கட்டைய ஒன்னோட ஒன்னு தட்டினா 'டங்'குன்னு கணீர்னு கேக்கணும், 'தொப்'புன்னு கேட்டா ஈரம். கட்டை கை கட்டைவிரல் கனத்துல இருந்து ரெண்டு விரல் கனம் வரைக்கும் இருந்தா போதும், பெருசா இருந்தா பொளந்துக்கணும். நுனி மட்டும் எரியணும், எரிய எரிய தள்ளணும். தீ அதிகம் வேணும்னா இன்னொரு குச்சி, கொறைக்கணும்னா ஒன்ன இழுத்துடு.

எரிக்கக் கூடாதது ஒன்னு ரெண்டு சொல்லணும். அரளி, ஒடுவன் ரெண்டும் வேணாம், ஒடுவந்தழை விஷம்னு வேலூர்ல சின்ன பசங்களுக்கே தெரியும், அத அடுப்பு கிட்ட கொண்டு வரவே வேணாம். பத்த வெக்க பாலிதீன் பைய போடற பழக்கம் விடணும். எல்லாத்தயும் விட மோசம், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி வெட்டுத் துண்டு தோலு. சுலுவா கெடைக்கும், நல்லா எரியும், சில எடத்துல வெந்நீர் அடுப்புக்கு போடறத நானே பாத்திருக்கேன். குரோம் போட்டு பதப்படுத்தின தோலு எரிஞ்சா அதுல இருக்கிற குரோமியம் விஷமான வகையா மாறலாம், அது சாம்பல்ல தங்கும், அதே சாம்பல தான் பாத்திரம் தேய்க்கவும் தென்ன மரத்துக்கு போடவும் எடுக்கறோம்.

இப்போ நெலம

பக்கத்து வீட்டு அக்கா கிட்ட இருந்து புகார் இல்ல. பத்த வெக்கற மொத அஞ்சு நிமிஷம் கொஞ்சம் புகை இருக்கு, அது எந்த அடுப்புலயும் இருக்கும், தேங்கா நாரும் மெலிசான சுள்ளியும் போட்டு பத்த வெச்சா கம்மி ஆவுது. பண்டிகைக்கு ஆட்டுக்கறி கொழம்பு இதுலயே வெச்சாங்க, கொதி நல்லா வருது, ஆனா தம் போடற மாதிரி மெதுவான தீ இதுல கஷ்டம், ஒத்த குச்சிய வெச்சிக்கினு பக்கத்துலயே உக்காரணும். பிரியாணிக்கு இது ஆவாது, கரி தான் வேணும்.

களிக்கு அத்த இத தொடறதே இல்ல. கேவுரு களி கிண்டணும்னா துடுப்ப போட்டு ஒடம்பு பலம் மொத்தமும் குடுத்து கிண்டணும், சட்டிய கவக்கோல் குடுத்து கால்ல அழுத்தி பிடிக்கணும், ரெண்டு அடி ஒசர அடுப்புல மூணு கம்பி மேல உக்காந்திருக்கிற சட்டில அது நடக்கிற காரியமா. அதுக்கு பழைய மூணு கல்லு அதே எடத்துல இருக்கு, இருக்கட்டும்.

உள்பக்க கல்லுல ரெண்டு எடத்துல மெலிசா விரிசல் விட்டிருக்கு. சாம்பல் கசியாம இருக்க புத்து மண்ணு அப்பி விட்டோம், அது வருஷா வருஷம் செய்யற வேல தான். பாவாட தகடு துரு பிடிச்சி மெலிசாவுது, ரெண்டு மூணு வருஷத்துல மாத்தணும். அண்டாவுக்கு வெளிய பத்த வெக்கறதுக்கு முன்னாடி சாம்பல கொழைச்சி பூசிட்டா கரி தேய்ச்சா போயிடுது. அண்டாவோட கீழ்ப்பக்கமா ஒரு தண்ணி குழாய் வெச்சி தண்ணிய பிடிக்கறாங்க, கொதிக்கிற அண்டாவ யாரும் தூக்கறதில்ல.

செலவுன்னு பாத்தா செங்கல் 120 கிட்ட, சுண்ணாம்பு, கம்பி, டிரம் தகடு, மேஸ்திரி கூலி, இதுல கூலி தான் பெருசு. ஷீட்டு கூரை வீட்டுல இருந்தத போட்டது. கூலி இல்லாம கைல கட்டிக்கறவங்களுக்கு ரெண்டு சிலிண்டர் காசுக்குள்ள முடிஞ்சிடும்.

மேஸ்திரிக்கு இப்போ ஹைவே ஓரம் ஒரு இட்லி கடைல இருந்து வேல வந்திருக்கு, அளவு கேட்டு போன் பண்ணாரு. இட்லி குண்டான் அடி 12 இன்ச்சு. அதுக்கு கல்ல படுக்க வெச்சி நாலரை இன்ச்சு குழி போதும், சுவரு கொஞ்சம் கனம் தான் ஆனா கடைல காலைல இருந்து நிறுத்தாம எரியும், அதனால பரவால்ல. பரப்பு 20 சதுர இன்ச்சு, ஒசரம் பதிமூன்றரை, குழி விளிம்புல சந்து ஒன்னே கால் இன்ச்சுக்கு ஒரு நூலு (அரைக்கால் இன்ச்சு) கம்மி, குண்டான் ஓரத்துல சுத்தளவு 38ன்றதால அரை இன்ச்சுக்கு கொஞ்சம் மேல. "தட்டு வெக்கணுமா தம்பி?"ன்னாரு. வெக்கணும், தரைல இருந்து ஒன்றரை இன்ச்சு மேலன்னு சொல்லிருக்கேன்.